பந்தைப் பிடிக்க வருபவன்

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
பங்குனி 4

அன்பு நிறைந்த மகன் ரிஷிகேசனுக்கு,

வடக்கே படைமுகாமில் நீ நோயின்றி இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதும் மடல் இது. நாங்கள் இருவரும் சுகம். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நம் அமெரிக்க உதைபந்துக் கழகத்தின் பொதுக்கூட்ட அறிவித்தல் அடுத்த கிழமை எல்லாருக்கும் போகும். அதற்குமுன் நீ இதை என் கையெழுத்தில் வாசிக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து ஒரு ‘ரிசீவரை’, அதாவது உன் இடத்தில் ஓடிப் பந்தைப் பிடிப்பவனை, இந்தப் பருவத்துக்குச் சம்பளம் கொடுத்து வரவழைப்பதா என்று தீர்மானிக்க, கடந்த செவ்வாய் நிர்வாகசபை கூடியது. ஐவரில் இருவர் வேண்டுமென்றனர். தலைவி லீசா அவர்களில் ஒருவர். இருவர் வேண்டாமென்றனர். நாற்பது பிள்ளைகள் சந்தா கட்டி விளையாடுகையில் ஒருவனுக்கு மட்டும் சம்பளமா என்பது அவர்களின் கேள்வி. ஐந்தாமவர், செயலாளராகிய நான்.

நானும் அதே கேள்வியை நோர்வேஜிய மொழியில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், நூலகத்து அகராதியோடு தனியே இருந்து இம்மொழியைக் கற்றவள் நான். கழக விதிகளை அவர்களைவிட நன்கு அறிவேன். தன் குடும்பத்தவரைத் தொடும் விடயத்தில் உறுப்பினர் வாக்களித்தல் ஆகாது. அதை எவரும் நினைவூட்டவில்லை. நானே எழுந்து, நான் ‘இன்ஹபில்’, அதாவது இதில் வாக்களிக்கத் தகாதவள், ஆகவே வெளியேறுகிறேன் என்று அறிவித்தேன். நீங்கள் இருக்கலாமே என்றாள் லீசா. இருக்கவில்லை. வாக்குகள் சமமானால் தலைவியின் பக்கமே வெல்லும் என்ற விதியும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

உடைமாற்றும் அறைக் கதவுக்கும் வாசலுக்கும் இடையில் எத்தனை தரம் நடந்தேனோ அறியேன். திரும்ப அழைத்தபோது, அவனை வரவழைப்பதென்று எல்லாம் முடிந்திருந்தது. அம்முடிவைக் கூட்டக் குறிப்பில் எழுதியதும் நானே.

அப்பா என்னோடு நேரே கதைப்பதில்லை. எனக்குக் கேட்கும்படி சோதிலிங்கம் அண்ணையோடு தொலைபேசியில் கதைக்கிறார். “எல்லாரும் தங்கடை பிள்ளைக்கு இடம் பிடிக்கச் சபைக்குப் போறவை. என்ரை மனுசி பிள்ளையின்ரை இடத்தைக் குடுக்கப் போனவ!” என்றார். பிறகு, “கையாலை எறிஞ்சு கையாலை பிடிக்கிற விளையாட்டுக்கு உதைபந்தெண்டு பேர். அதுக்குச் சம்பளம் வேறை!” என்று சிரித்தார். சிரித்தவர் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கையொப்பம் வாங்கி, இந்த முடிவை மாற்றுவதற்கென்றே 22ஆம் திகதி பொதுக்கூட்டம் கூட்ட வைத்துவிட்டார். அங்கே எல்லா அங்கத்தினருக்கும் வாக்குண்டு. எவரும் வெளியேறத் தேவையில்லை. அன்று முதல் எனக்கு நித்திரை இல்லை.

மகனே, நான் வெளியேறியது விதிக்காக மட்டுமல்ல. அந்த இளைஞன் முதுகுப் பக்கமாக வந்த பந்தை ஒற்றைக் கையால் எடுத்த காணொளியை முதல்நாளே பார்த்திருந்தேன். சென்ற புரட்டாதியில் உன் கையிலிருந்து இரண்டு பந்துகள் நழுவியபோது, வெயில் கண்ணில் அடித்தது என்று எல்லாரிடமும் சொன்னவள் நான். அன்று வெயிலே இல்லை.

நேற்றுப் பயிற்சியாளரின் அறிக்கையை எடுத்து, உன் பெயர் வரும் இடங்களை விரலால் மறைத்துக்கொண்டு வாசித்தேன். யாரோ ஒரு தாயின் பிள்ளை என்று எண்ணிக்கொண்டேன். மறைத்து வாசித்தபோது, அணிக்கு அந்த அமெரிக்க இளைஞன் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. அவனுக்குச் சம்பளமாகப் போவது, மூன்று குளிர்காலம் கழகத்துக்காகச் சிரமதானமாக நான் கேக் வகைகளும் கழிப்பறைக் கடதாசியும் விற்றுச் சேர்த்த பணம். வங்கியில் கிடப்பதற்காக விற்கவில்லை, இந்த அணி வெல்வதற்காக விற்றேன். ஆதலால் 22ஆம் திகதி, அப்பாவின் முன்னிலையில், அவனை வரவழைக்கவே வாக்களிப்பேன். விரலை எடுத்துப் பார்த்தேன். அதன் பிறகு ஒரு வரியும் வாசிக்க முடியவில்லை.

இதை வாசித்ததும் லீசாவுக்கு விலகல் கடிதம் அனுப்புவாயோ என்று அஞ்சுகிறேன். அனுப்பாதே. கோபத்தை எனக்கு எழுது, எத்தனை பக்கமானாலும். தமிழில் வராவிட்டால் நோர்வேஜிய மொழியில் எழுது. எப்படி எழுதினாலும் எனக்கு விளங்கும்.

வைகாசியில் நீ பயிற்சிக்குத் திரும்புவாய் என்று நான் எவருக்கும் உறுதியளிக்கவில்லை. உன் தலைக்கவசத்தை மட்டும் துடைத்து வைத்திருக்கிறேன். கம்பளிக் கையுறை இரண்டு சோடி இத்துடன் வருகிறது. பனியில் விரல்களை விறைக்க விடாதே, ராசா. இறைவன் உன் கைகளைக் காப்பாராக.

உன் அன்னை,
சிவநாயகி பாலேந்திரன்