இளைப்பு இருக்கா?

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. சயானில் தண்டவாளம் முழுகி ட்ரெய்ன் லேட். ஊறிப்போன செருப்போடு செம்பூர் இன்ஸ்டிட்யூட். எபிடெமியாலஜி எம்.எஸ்ஸி. படிப்பவளுக்குக் காலில் சேற்றுப்புண்.

தீசிஸ் டேட்டா சரிபார்ப்பு. தாராவியில் டிபி அறிகுறி சர்வே. கைடு மேடத்துக்கு (இனி கை.மே.) வாயெல்லாம் பல். "ஜெபா, உங்க தமிழ்ச் சந்துகள்ல வெயிட் லாஸ் அவ்வளவு ஜாஸ்தி! பெரிய ஃபைண்டிங்!" கான்ஃபரன்ஸுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியாயிற்று. என் பேர்தான் முதலில்.

உறுத்துகிறது. எங்கள் சந்தில் அப்படி யார் மெலிந்தார்கள்?

வாங்க: குடை, கொசுவத்தி, காலுக்குக் களிம்பு.

ஜூலை 10, வியாழன்

எஸ்தர் சித்தி வேலைக்குப் போகவில்லை. மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டில் வருஷக்கணக்காய்ச் சமையல். போனேன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"டிபி சென்டர்லேந்து மாமி வீட்டுக்கே போன் பண்ணிட்டாவட்டி. எனக்கு டிபி இருக்கலாமாம், சளி டெஸ்ட்டுக்கு வரணுமாம். நாளையிலேந்து வராதன்னு மாமி சொல்லிட்டாவ."

சர்வே வந்த அன்று சித்தி போன் ரிப்பேரில். மாமி வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அறிகுறி சொன்னவர்கள் பட்டியல் டிபி சென்டருக்குப் போகும். தெரியும். சித்தி பேர் எப்படி அதில்?

"வெயிட் குறைஞ்சிருக்குன்னு ஏன் சித்தி சொன்னே?" சித்திக்குப் பெருத்த உடம்பு. வாசலில் நின்றால் காற்றுகூட வழி கேட்டுத்தான் உள்ளே வரணும்.

"வெயிட்டா? அந்த ப்ரியா பிள்ள எளப்பு இருக்கான்னு கேட்டா. இருக்குன்னேன். வீட்டுக்குப் பின்னால நாள் பூரா பிளாஸ்டிக்க உருக்குதானுவ, அந்தப் பொகைக்கு எளப்பு வராம என்ன வரும்?"



ப்ரியாவைப் பிடித்தேன். வீடு வீடாய்க் கேள்வி கேட்கிற பெண். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. கேள்விகளை ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏஜென்சி மொழிபெயர்ப்பு: 'தங்களுக்கு உடல் இளைப்பு உள்ளதா?' ப்ரியாவுக்கு வாயில் நுழையவில்லை. "தீதி, நான் ஈஸியா எளப்பு இருக்கான்னு கேட்டேன். சப் லோக் ஹாங் போலே, எல்லாரும் ஆமான்னாங்க."

சொல்லாமல் என்ன செய்வார்கள்! எங்கள் சந்தின் திருநெல்வேலிக்காரர்களுக்கு 'எளச்சுட்டே' என்றால் மெலிவு. 'எளப்பு' என்றால் மூச்சு வாங்குவது. புகையில் மூச்சு முட்டுகிற சந்து முழுவதையும் மெலிந்தவர்கள் என்று எழுதி வைத்திருக்கிறோம். டேட்டாவில் புகை எங்கேயும் இல்லை. அதற்குக் கேள்வியே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

கை.மே.யிடம் சொன்னேன். காபி ஆறும்வரை கேட்டார்.

"மெஷர்மென்ட் எரர். எல்லா சர்வேயிலும் உண்டு. லிமிடேஷன்ஸ்ல ஒரு வரி போடு."

"என் சித்திக்கு வேலை போச்சு மேடம்."

"சொந்தக்காரங்களை சாம்பிள்ல சேர்த்தியா?"

சந்துகளை கம்ப்யூட்டர் பொறுக்கியது, நானில்லை. அதைச் சொன்னேன். அதற்குமேல் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். இங்கே எழுதுகிறேன்: ஒரு வரியாம். உன் ஒரு வரியைக் கொண்டுபோய் மாட்டுங்காவில் காட்டு, சித்தியை உள்ளே விடுகிறார்களா பார்க்கலாம்.

கேன்டீனில் உப்புமா. உப்பில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சித்திக்கு டெஸ்ட் ரிசல்ட். டிபி இல்லை. நானே எடுத்துக்கொண்டு மாட்டுங்கா போனேன். மாமி கிரில் கேட்டைத் திறக்கவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமலே படித்தார்.

"சந்தோஷம்மா. தப்பா நெனச்சுக்காதே, ஆத்துல கைக்குழந்தை இருக்கு. வேற ஆள் வெச்சுட்டோம்."

உள்ளேயிருந்து வெங்காய சாம்பார் வாசனை. யாரோ ஒரு புது கை.

இப்படி வேலை போவது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நோய் இல்லாதவரை நோயாளி என்று சொன்னால் ஃபால்ஸ் பாசிட்டிவ். பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன். தாதர் மார்க்கெட் வழியாக நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏறினால் யாரையாவது கடித்திருப்பேன்.

ஜூலை 21, திங்கள்

அந்தக் கேள்வியை மட்டும் திருத்தி மறுபடி கேட்க அனுமதி கேட்டேன். மூச்சுக்கு ஒரு கேள்வி, மெலிவுக்கு ஒரு கேள்வி. பட்டியல் தப்பென்று டிபி சென்டருக்கும் எழுதுவோம் என்றேன். கை.மே.: "எக்ஸ்டென்ஷன் கிடையாது. இந்தத் தடவை சப்மிட் பண்ணலைன்னா உனக்கு ஒரு வருஷம் போகும்."

போகட்டும் என்றேன். சுருக்கத்திலிருந்து என் பேரை எடுக்கச் சொல்லி மெயில் போட்டேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சேற்றுப்புண் ஆறவில்லை. எல்லாவற்றின் மேலும் கோபம், களிம்பு டியூப் மேல்கூட.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சர்ச் விட்டதும் நானும் ப்ரியாவும் கிளம்பினோம். தூறல். இந்த முறை கேள்வியைத் தமிழில் நானே கேட்கிறேன், ப்ரியா குறிக்கிறாள். வாசலுக்கு வாசல் ஒரே பாட்டு: எளப்பா? ஆமா. மெலிஞ்சீங்களா? இல்லையே, ஏன் கேக்கே?

சித்தி வீடு கடைசி. வேறு வேலை கிடைக்கவில்லை. டிபிக்காரி என்று மாட்டுங்கா பூராவும் பேச்சு. குக்கர் கவிழ்த்தபடி கிடக்கிறது. ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை, ஊக்கு குத்தியிருக்கிறாள்.

கேட்காமல் வந்துவிடலாம் என்று பார்த்தேன். ப்ரியா பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"சித்தி, முன்னைக்கு இப்பம் மெலிஞ்சிருக்கியா?"

"இப்பம் கேளு," என்றாள். "இப்பம் ஆமான்னு போட்டுக்க."