புஷ்பம் கூப்பிட்ட பெரட்டு

என் கூடப் பிறக்காத தங்கச்சி புஷ்பத்துக்கு,

முனியம்மா, சாந்தி, காளியப்பண்ணன், வங்காளதேசத்து ரஹீம், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் என் மகன் குணசேகரன், நான். நீ போன அன்றைக்குச் செம்பனை நாற்றங்காலில் இருந்தது இத்தனை பேர்தான். ஒரு பெயரும் எனக்கு மறக்கவில்லை. மறக்கவும் போவதில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

இருபது வருஷத்துக்கு மேல் நீதான் எங்களுக்கு மண்டோர், எங்கள் கங்காணி. விடிந்ததும் கொட்டகை முன்னால், ஆள் வந்ததைக் குறிக்கும் பெரட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாய். பெயரோடு விட மாட்டாய். "முனிமா, முட்டி வலி எப்படி? சாந்தி, மாமியா இன்னும் பேசலையா? நல்லதாப் போச்சு லா, காது குளிரட்டும்!" சிரித்துக்கொண்டேதான் வேலைக்குப் போவோம். பத்து மணித் தேத்தண்ணிக்கும் இன்னொரு தடவை கூப்பிடுவாய். யாராவது வெயிலில் விழுந்து கிடந்தால் தெரிய வேண்டுமே என்பாய்.

பிறகு கைரேகை மெஷின் வந்தது. மாற்றத்துக்கு மனசைப் பழக்க வேண்டுமாம். பினாங்கிலிருந்து ஒரு பெண் வந்து, கவலையைத் தாளில் எழுதிப் பலூனில் கட்டிப் பறக்கவிடச் சொன்னாள். எழுதத் தெரியுமா என்று முனியம்மாவை யாரும் கேட்கவில்லை. மறுநாள் மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. ரப்பர் பால்மரமும் செம்பனையும் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? நான்கு தடவை வைத்தாள், நான்கு தடவையும் சிவப்பு விளக்கு. "இத்தன வருஷம் வேல செஞ்சும் நான் ஆளே இல்லியாடி?" என்று அழுதாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். "அதுக்குக் கண்ணு தெரியல. எனக்குத் தெரியுது. முனியம்மா இருக்கா!"

அன்றிலிருந்து முதலில் உன் பெரட்டு, அப்புறம்தான் மெஷின். எங்கள் பயம் அதில்தான் அடங்கியது. ரஹீம்கூட "இருக்கேன் அக்கா" சொல்லப் பழகிக்கொண்டான்.

ஒரு மாசம் ஆகவில்லை, குணா வந்தான். "சின்னம்மா, ஆபீஸ்ல ஏசுறாங்க. இனிமே கூப்பிடாதீங்க, டைம் வேஸ்ட்டு. புத்தகத்தக் குடுங்க." கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றேன்? பெற்ற பிள்ளை என்றா?

அன்றைக்கு விரல் வைத்துவிட்டு வடக்குப் பாத்திக்குத் தனியாகப் போனாய். பத்து மணிக்கு யாரும் யார் பெயரையும் கூப்பிடவில்லை. இரண்டு மணிக்கு வேலை விட்டது, மெஷினில் உன் விரல் மட்டும் பதியவில்லை. "மறந்துட்டுப் போயிருப்பாங்க" என்று நீ கிளம்பிவிட்டதாகக் குணா தானே பதிந்துவிட்டான். கொட்டகையில் உன் சைக்கிள் நிற்பதைப் பார்த்துத்தான் நான் ஓடினேன். நாற்றுப் பைகளுக்கு நடுவே, கறுப்பு வலை நிழலில், ஒருக்களித்துக் கிடந்தாய். கையில் மண் காய்ந்திருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாய் என்றார் டாக்டர்.

இப்போது விரலும் வேண்டாமாம், முகத்தைக் காட்டினால் போதும். முனியம்மாவை அது உடனே கண்டுகொள்கிறது. அவள்தான் இன்னும் பயந்து பயந்து நிற்கிறாள்.

உன் காரியம் முடிந்த மறுநாள் நான் கொட்டகை முன்னால் போய் நின்றேன். எனக்கு எதற்குப் புத்தகம்? எல்லாரையும் கூப்பிட்டேன், முட்டியையும் விசாரித்தேன். கடைசியில் வாய் தவறி உன் பெயரும் வந்துவிட்டது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

குணா தடுக்கவில்லை. தினமும் வந்து வரிசையின் கடைசியில் நிற்கிறான். அவன் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுகிறேன், அவனுக்குச் சோறும் வைக்கிறேன். நேற்று, "அம்மா, என் பேரு?" என்றான். கண் கலங்கியிருந்தது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

என் கால் நடக்கும்வரை காலையிலும் பத்து மணிக்கும் கூப்பிடுவேன், தங்கச்சி. இனி ஒருத்தரையும் தனியாகக் கிடக்க விட மாட்டேன். ஒரு பெயரை மட்டும் கூப்பிடவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். குணசேகரன்.

அவனைப் பெற்றவள்,
உன் அக்கா அஞ்சலை