வால்வெள்ளியின் இடது செட்டை

5 பெப்ரவரி 2024, திங்கள்

ஜெமீலிடம் சொல்ல வேண்டியவை. எழுதிக்கொண்டு போனால்தான் எனக்கு வாய் திறக்கும்.

1. படத்தின் மேல் அடிமட்டம் வைத்து அளக்கக் கூடாது. லென்ஸ் ஓரங்களை வளைத்திருக்கிறது.
2. உண்மையான அளவு தரையில் இருக்கிறது. படத்தில் தெரிகிற மண்டபத்துத் தரைக்கல் ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம்.
3. இரண்டு செட்டையும் சமம். இடது நீளமாகத் தெரிவது லென்ஸின் பொய்.
4. எல்சி அக்காவுக்கு எண்பது வயது. இது பகிடி இல்லை.

சல்லிக் கிராமத்தில் வள்ளம் கட்டிய இக்னேசியஸ், 1979இல் எங்கள் தேவாலயப் பங்கு நாடகத்துக்குப் பலகையில் செய்த, செட்டை விரித்த விண்கலம் 'வால்வெள்ளி'. தொண்ணூறில் சண்டையால் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. மிச்சம் மூன்று படங்கள். ஞாயிறு அவருடைய முதலாம் ஆண்டு நினைவு. அதே மேடையில் அது நிற்க வேண்டும் என்று அவர் மனைவி எல்சி அக்கா கேட்டார். வரைபடம் நான், பலகை வெட்டுவது தச்சுக்கடை ஜெமீல்.

6, செவ்வாய்

ஒன்றும் சொல்லவில்லை. கடை நிறைய ஆட்கள். "ஐயா, இது மேல பறக்கப்போறதில்லயே. படத்தில கிடக்கிறதைப் பாத்து வெட்டினாப் போதாதா?" என்றான் ஜெமீல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் கீறியவன் நான்!

7, புதன்

மண்டபத்தில் முழந்தாளிட்டுத் தரைக்கல் அளந்தேன். ஒன்பதுதான். படத்தில் வளைந்து போன கல் வரிசைகளைக் கட்டத்தாளில் நேராக்கி, கலத்தையும் அதோடு நேராக்கினேன். வலது செட்டை 24 அங்குலம். இடது 31. திரும்பவும் செய்தேன் — 31. எந்த விண்கலத்துக்கு ஒரு செட்டை நீளம்? என் கணக்குத்தான் பிழைத்திருக்கும். அழித்துவிட்டு 24 என்று போட்டேன்.

8, வியாழன்

கத்திவிட்டேன். படத்தில் அடிமட்டம் வைத்து அளந்தபடியே பலகையில் அவன் இடது செட்டைக்கு 36 என்று கோடு போட்டிருந்தான். "இதென்ன, செட்டையா துடுப்பா? செத்த மனுசனை வச்சுப் பகிடி பண்ணுறியா?" — 'நீ' என்று! கடையே திரும்பிப் பார்த்தது. "சரி ஐயா. நீங்க சொல்ற மாதிரியே வெட்டுறன்."

வென்றுவிட்டேன்.

9, வெள்ளி

எல்சி அக்காவிடம் வரைபடத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு பக்கம் கட்டையாக் கிடக்கே, தம்பி."

"இல்லை அக்கா, ரெண்டும் சமம்."

"அவருக்கு வள்ளம்தானே தெரியும். ஒரு பக்கம் மிதவை கட்டின வள்ளம் மாதிரி, ஒரு செட்டையை நீட்டி வச்சாத்தான் கவிழாதெண்டு சொன்னவர்."

குசினிக்குக் கூட்டிப்போனார். சீனிப் போத்தல்கள் வரிசையாக இருந்த தட்டுப்பலகை. அடியில் வால்வெள்ளியின் நீல வர்ணம். அளந்தேன். முப்பத்தொன்று.

"ஏனக்கா சொல்லேல்லை?"

"நீங்கள் படங்களைத்தானே கேட்டனீங்கள்."

மடையன். கணக்கு சரியாகத்தான் சொன்னது. அழித்தவன் நான். வாழ்நாளில் ஒரே ஒருநாள் கத்தினேன், அதுவும் இதற்கு!

10, சனி

ஜெமீலின் கடை. வியாழக்கிழமை நின்ற அதே ஆட்கள். இரண்டு செட்டையும் 24இல் வெட்டிச் சுவரில் சாத்தியிருந்தான்.

"ரெண்டும் சமம் எண்டது பிழை. இடது முப்பத்தொன்று. பிழை என்னுடையது. கத்தினதும் பிழை," என்றேன். எல்லோருக்கும் கேட்க.

அவன் புதுப் பலகை ஒன்றை இழுத்துப் போட்டான். பிறகு, "அப்ப என்ட முப்பத்தாறு சரியா, ஐயா?"

"அதுவும் பிழை," என்றேன்.