பதில் விசில்

மச்சானுக்கு,

பழைய பாலம் ஆற்றோடு போனதும் உன் தங்கைக்கு மூத்தவன் பிறந்ததும் ஒரே வருஷம். அந்த வெள்ளத்துக்குப் பிறகு நாம் பேசவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

அவள் மேல்படிப்பு ஆராய்ச்சிக்காகக் கரை நெடுகச் சின்னப் பெட்டிகள் வைத்திருக்கிறாள். தண்ணீர் ஏறினால், கம்பியில்லாமலே ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சொல்லும். காவல் குடிசைகளில் நாம் ஐந்து பேர் விசில் ஊதினோமே, அதே வேலை.

"ஒரு தடவை சொன்னா போதாதாடி?" என்றேன்.

"போதாது தாத்தா. கேட்டுச்சுன்னு பதில் வர்ற வரைக்கும் விடாது. எங்கம்மா மாதிரி நச்சரிக்கும்."

சிரித்தேன். அப்புறம் சோறு இறங்கவில்லை.

நமக்கும் அதுதானே சட்டம்? வெள்ளம் ஏறிய அன்று உன் தங்கைக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. நான் ஒரே ஒரு தடவை ஊதிவிட்டு, உன் பதில் விசிலுக்கு நிற்காமல் வீட்டுக்கு ஓடினேன். அந்த மழையில் நாலாவது குடிசையில் உனக்கு என்ன கேட்டிருக்கும்? பாலம் போனதற்கு நடந்த விசாரணையில், நீ அன்று காவலில் தூங்கிவிட்டாய் என்று சொன்னேன். உன் வேலை போனது.

பேத்தி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதடி என்றேன்.

நீ தூங்கவில்லை மச்சான்.

மற்ற மூவரும் போய்விட்டார்கள். இது காதில் விழுந்தது என்று எனக்குப் பதில் சொல்ல இனி நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

இப்படிக்கு,
மூன்றாம் குடிசைக்காரன்