சாரமில்லா

ஏப்ரல் 3, வியாழன்

ஒன்பதாம் வகுப்பு ஒழிந்தது. வடகரப்பதியில் லீவு விட்டால் இரண்டே வேலை: தென்னைக்கு மோட்டார் போடுவது, போட்ட மோட்டாரை நிறுத்துவது. கரண்டு போனால் அதுவும் கிடையாது.

இன்றைய சாதனை: அப்பாவின் போனில் நிமியின் பெயரை 'பேங்க் மேனேஜர்' என்று மாற்றி வைத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து அவள் கூப்பிட்டதும் அப்பா எழுந்து நின்று, "சொல்லுங்க சார், அடுத்த வாரம் கண்டிப்பா கட்டிப்போடறனுங்க" என்றார். நிமி சிரித்துச் சிரித்து அவர்கள் வீட்டு மலையாளத்தில் என்னை நன்றாகத் திட்டினாள்.

ஆனால் சாயங்காலம் நிமி வரவில்லை. யோகப்பிரியா கபடி ஆடுவதைப் பார்க்கப் போய்விட்டாள். இந்த யோகப்பிரியா பெதப்பம்பட்டிக்காரி, கேரள எல்லை தாண்டி, உடுமலைப் பக்கம். பொங்கல் கழிந்து அவளுடைய அப்பா ஆனந்தகுமார் மாமா எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். கோழிகளோடு இவளும் வந்து இறங்கினாள். எங்கள் தமிழ் மீடியம் வகுப்பில் சேர்ந்தாள். வந்த மாதமே ஜில்லா கபடிக்கு அவள் பெயரும் வந்துவிட்டது. பி.டி. சார் வாயைத் திறந்தால் அவள் பெயர்தான்.

"நீயும் வாடீ, என்னமா பாடிப் போறா தெரியுமா!" என்கிறாள் நிமி.

நான் எதற்கு? அவளுக்குக் கபடி. எனக்குக் கபடம்.

ஏப்ரல் 9, புதன்

அப்பா சம்மதித்துவிட்டார்! மூணாறு தாண்டி, அடிமாலி போகும் வழியில் புதிதாகத் திறந்திருக்கும் தண்ணீர் பார்க். ஒரு நாள் அங்கே, மறுநாள் மாட்டுப்பட்டி அணை. நானும் நிமியும்.

பிறகு நிமி சொல்கிறாள், "யோகாவையும் கூப்பிட்டுட்டேன்."

யார் காரில் யார் யாரைக் கூப்பிடுவது?

ஏப்ரல் 12, சனி

பாடம் நடத்தினேன். யோகப்பிரியாவுக்கு மலையாளம் சுத்தமாகத் தெரியாது. எங்கள் வகுப்பில் எல்லோரும் தமிழ் பேசுவதால் தேவையும் படவில்லை.

"ஏப்புள்ள, பார்க்குல ஒருத்தரும் தமிழ் பேசமாட்டாங்க. ரெண்டு வார்த்தையாவது தெரிஞ்சிருக்கோணும்" என்றேன்.

"நீதான் கூட இருப்பயே."

"சறுக்கும்போது உன்னை மடியிலயா உக்கார வெச்சுக்குவேன்?"

முதல் பாடம்: எந்து பற்றி. 'என்ன ஆச்சு?' என்று அர்த்தம். ஆனால் நம் காதில் 'எந்து பட்டி' என்றுதான் விழும். "எந்தப் பட்டின்னு ஊர் கேக்கறாங்க. உன்ற ஊர்ப் பேரைச் சொல்லிரு" என்றேன். தலையாட்டினாள்.

இரண்டாம் பாடம்: சாரமில்லா. 'பரவாயில்லை, ஒன்றுமில்லை, விடுங்கள்' என்று அர்த்தம். நான் சொன்னது: "உடம்புல சாரமே இல்ல, முடியலைன்னு அர்த்தம். தல சுத்துனா, அடிகிடி பட்டா இதைச் சொல்லு. ஓடி வந்து தாங்குவாங்க."

யோசித்தாள். "சாறு புழிஞ்ச கரும்புச் சக்கை மாதிரியா?"

"அதேதான்!"

எடுத்துக்காட்டையும் அவளே கொண்டுவருகிறாள். இப்படி ஒரு மாணவி எந்த டீச்சருக்குக் கிடைப்பாள்? கோழிகளுக்குத் தீவனம் வைத்தபடியே மனப்பாடம் செய்தாள். சாரமில்லா, சாரமில்லா. நிமி வாயைப் பொத்திக்கொண்டு சுவருக்குப் பின்னால் ஓடிவிட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் நிமி என் பக்கம்.

ஏப்ரல் 22, செவ்வாய். மூணாறு லாட்ஜ்

பார்க் என்றால் பார்க்கத் தகுந்த பார்க். அப்பா வண்டி ஓட்டிய அசதியில் பார்க்கிங் மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் உள்ளே.

முதலில் ஐஸ்கிரீம்காரர். கை தவறி யோகப்பிரியாவின் சட்டையில் கொட்டிவிட்டு, "அய்யோ, சாரி மோளே" என்றார். படியேறிக் களைத்திருந்த இவள், அசதியைக் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "சாரமில்லா சேட்டா" என்றாள். அவருக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு கரண்டி வைத்தார்.

"பாத்தியா புள்ள! முடியலைன்னதும் சேத்தி வெச்சுட்டாரு. நல்ல மனுசங்க" என்றாள். நானும் நிமியும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தோம். என்ன என்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

அடுத்து குழாய்ச் சறுக்கு. இருட்டுக் குழாய், சுற்றிச் சுற்றி வந்து குளத்தில் துப்பும். நாங்கள் இருவரும் இறங்கி நின்றோம். யோகப்பிரியா வந்து விழுந்தாள். எழுந்து நகர்வதற்குள் பின்னாலேயே ஒரு தடியன் வந்து அவள் மேல் விழுந்தான். அவன் முழங்கால் இவள் இடது விலாவில். தேங்காய் மட்டையில் விழுகிற சத்தம்.

விசில் ஊதிக்கொண்டு குளத்தில் குதித்தான் அங்கே நிற்கும் பையன். சட்டையில் ரிஜின் என்று எழுதியிருந்தது.

"எந்து பற்றி?"

குனிந்து வயிற்றைப் பிடித்தபடியே சொன்னாள்: "பெதப்பம்பட்டிங்க."

அவன் முழித்தான். "வேதனயுண்டோ?"

"சாரமில்லா." அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சாரமில்லா சேட்டா, சாரமில்லா."

"மிடுக்கி!", கெட்டிக்காரி என்று தோளில் தட்டிவிட்டு, ஆனாலும் முதலுதவி அறையைக் கைகாட்டினான்.

அங்கே ஒரு சிஸ்டர். அதே கேள்வி, அதே பெதப்பம்பட்டி. நான் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் என்னைப் பார்த்து, "தமிழாணோ? வேதனயுண்டோன்னு சோதிக்கு" என்றார், வலிக்கிறதா என்று கேட்கச் சொல்லி. நான் வாயைத் திறப்பதற்குள் இவளே, "சாரமில்லா சிஸ்டர்."

"ஆஹா, மலையாளம் அறியாமல்லோ!" மலையாளம் தெரிகிறதே என்று சிஸ்டர் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தைலம் தடவி அனுப்பினார்.

வெளியே வந்ததும் யோகப்பிரியா கேட்டாள்: "ரெண்டு பேர்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன். சிரிச்சுப்போட்டு அனுப்பறாங்க. அப்ப சாதாரணமாத்தான் இருக்கும், இல்ல?"

"பின்ன? தெனமும் எத்தன பேரைப் பாக்கறவங்க!" என்றேன்.

நிமி என்னைக் கிள்ளினாள். "மதிடீ, போதும். நெசத்தைச் சொல்லீரு."

"ஊருக்குப் போயிச் சொல்லலாம். வண்டியில சிரிக்கறதுக்கு ஒண்ணு வேணுமல்லோ?"

ராத்திரி சாப்பாட்டில் யோகப்பிரியா ஒன்றும் தொடவில்லை. இடது தோள் வலிக்கிறது என்றாள். விழுந்தது விலாவில், வலி தோளிலா? "உன்ற வலிக்கு வழி தெரியல போல" என்றேன். நல்ல ஜோக். அப்பாகூடச் சிரித்தார்.

ஏப்ரல் 23, புதன்

மாட்டுப்பட்டி.

போட்டோ எடுக்க அணைச் சுவரோரம் நின்றோம். "கொஞ்சம் சிரி புள்ள" என்றேன். சிரித்தாள். அப்படியே சுவரோடு வழுக்கி உட்கார்ந்தாள். உதடு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. சோளம் விற்கிறவர், பஸ்ஸில் வந்தவர்கள், எல்லோரும் குனிந்து, எந்து பற்றி, எந்து பற்றி, எந்து பற்றி.

கண்ணைத் திறக்காமல் உதடு மட்டும் அசைந்தது. "பெதப்பம்பட்டிங்க."

நிமி அலறி அழுதாள். அப்பா யோகப்பிரியாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "ஏங்கண்ணு, அடிபட்டதை எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"அங்கயே சொல்லிட்டனுங்க மாமா… சிஸ்டர்கிட்டயே…"

மலையிறங்கும் வளைவு ஒவ்வொன்றிலும் அவள் தலை என் மடியில் உருண்டது. மடியிலயா உக்கார வெச்சுக்குவேன்னு கேட்டேனே, அந்த மடி.

ஏப்ரல் 24, வியாழன். கோதமங்கலம்

ஆபரேஷன் முடிந்தது. மண்ணீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தமாம்; தோள் வலித்ததும் அதனால்தானாம். மண்ணீரலையே எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். முந்தாநாளே, அடிபட்ட உடனே கொண்டுவந்திருந்தால் எடுக்காமலும் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். மலையாளத்தில். அப்பா அதைத் தமிழில் ஆனந்தகுமார் மாமாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மண்ணீரல். மண், நீர்… வேண்டாம். வரல.

ஏப்ரல் 27, ஞாயிறு

இனி கபடி வேண்டாம் என்றார்களாம். காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம், ஆயுசுக்கும்.

ஆனந்தகுமார் மாமா போலீசில் பார்க் மேல் புகார் கொடுத்துவிட்டார். "எம்புள்ள முடியல முடியலைன்னு கெஞ்சியிருக்குது. சிரிச்சு அனுப்பியிருக்கறானுக. தமிழ்ப்புள்ளைன்னா அத்தன எளக்காரமா?" என்று வராந்தாவே அதிரக் கத்தினார்.

நானும் அந்த வராந்தாவில்தான் இருந்தேன். தண்ணீர் குடித்தேன்.

மே 6, செவ்வாய்

யோகப்பிரியா வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்று ரிஜினும் வந்தான். சீருடை இல்லாமல் பார்த்தால் பிளஸ் டூ படிக்கிறவன் மாதிரி இருக்கிறான். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். கையில் ஒரு கவர் ஆரஞ்சு.

மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "வா கண்ணு. நீதான் ரெண்டு பாஷையும் பேசறவ. இவன் என்ன பொய்யச் சொல்றான்னு கேட்டுச் சொல்லு."

ரிஜின் என்னைப் பார்த்தே பேசினான். "ஞான் சோதிச்சு, வேதனயுண்டோன்னு. ஈ குட்டி சாரமில்லான்னு பறஞ்ஞு. ரெண்டு மூணு தவண பறஞ்ஞு."

நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை.

"சாரமில்லாவா?" என்றார் மாமா. "தீவன வண்டி லேட்டானா கம்பெனிக்காரன் சொல்றானே, அந்தச் சாரமில்லாவா? பரவால்லைன்னா சொன்னா?" கட்டில் பக்கம் திரும்பினார். "நீயா சொன்ன? உசுரு போற வலியில பரவால்லைன்னு நீயா சொன்ன?"

யோகப்பிரியா விட்டத்தைப் பார்த்தாள். கணக்குப் போடுகிறவள் மாதிரி உதடு மெதுவாக அசைந்தது. சா. ர. மில். லா. பிறகு என்னைப் பார்த்தாள்.

சொல்லப்போறா. சொல்லீருவா. கதவு பக்கத்துலதான் இருக்குது, ஓடீரலாமா?

"ஆமாங்கப்பா. நாந்தான் சொன்னேன்."

"ஏன்?"

"சறுக்கு போயிருமேன்னு."

மாமா தன் நெற்றியிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார். "சறுக்குக்காக வவுத்தக் குடுத்தயாடி, பாவி! உன்னப் பெத்ததுக்கு ரெண்டு கோழி வளத்திருக்கலாம்." ரிஜினின் கையைப் பிடித்து, "புகாரை வாபஸ் வாங்கிப்போடறன் தம்பி, மன்னிச்சுக்க" என்றார். அவன் அழுதுவிட்டான்.

நான் கிளம்பும்போது மாமா சொன்னார்: "கிருத்திகா கண்ணு, நீயாவது இவளுக்கு ரெண்டு வார்த்த மலையாளம் சொல்லிக் குடுத்திருக்கலாமல்ல?"

"சரிங்க மாமா" என்றேன்.

சரிங்க மாமா என்றா சொன்னேன்?

மே 7, புதன்

எழுத ஒன்றுமில்லை. பொய்.

மே 11, ஞாயிறு

அப்பா போனில் 'பேங்க் மேனேஜர்' இன்னும் அழிக்கப்படாமல் இருக்கிறது. அந்த எண்ணுக்கு நானே அடித்தேன்.

"நானும் சிரிச்சேன்டீ" என்றாள் நிமி. "அதான் உன் மொகத்தப் பாக்க முடியல." வைத்துவிட்டாள்.

ஜூன் 2, திங்கள்

பத்தாம் வகுப்பு. யோகப்பிரியா நிமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிமி அவளுக்கு மலையாளம் சொல்லிக் கொடுக்கிறாள். கேட்டுத் திருப்பிச் சொல்வதில் ஒரு பிழை இல்லை. நான் கடைசி பெஞ்ச்.

"என்ன கிருத்திகா, இந்த வருசம் சாக்பீஸ்ல பசை தடவலையா?" என்று பையன்கள் கேட்டார்கள். வகுப்பு சிரித்தது. யோகப்பிரியா திரும்பவில்லை.

அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடி வாங்கி, அழுது, முடித்திருப்பேன். தினமும் காலையில் அவள் வாசலில் நுழையும்போது இன்றைக்குச் சொல்வாளா என்று பார்க்கிறேன். சொல்வதில்லை. நான் இதுவரை செய்த எந்தக் குறும்பும் இத்தனை நாள் நீண்டதில்லை.

ஜூன் 20, வெள்ளி

சாயங்காலம் கபடி தேர்வு. பி.டி. சார் யோகப்பிரியாவை நாற்காலி போட்டு ஓரத்தில் உட்காரவைத்து, விசிலைக் கையில் கொடுத்திருந்தார். அவள் நம்பரைப் போட்டுக்கொண்டு வேறொருத்தி பாடிப் போனாள்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அழக் கூடாது என்றுதான் போனேன்.

"எந்து பற்றி?" என்றாள். நிமியின் வாயிலிருந்து வருகிற அதே மலையாளம்.

பழைய நானாக இருந்தால் 'வடகரப்பதி' என்றிருப்பேன்.

"வேணும்னேதான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். "நிமி உங்கூடவே சுத்தறான்னு. அன்னிக்கி உங்கப்பா முன்னாலயும் சொல்லாம நின்னேன். மன்னிச்சுக்க புள்ள."

களத்தில் யாரோ பிடிபட்டார்கள். விசில் ஊதிவிட்டு, அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சாரமில்லா."

நிமி சொல்லிக் கொடுத்ததா, நான் சொல்லிக் கொடுத்ததா? தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை. என்னிடம் நீட்டினாள். திறந்து கொடுத்தேன்.