பெட்டி மட்டும் மாறிய பிலிம்

நேற்று என் மகள் ஒரு பிலிம் டப்பாவின் மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். "இந்த வாசனை ஞாபகம் இருக்காப்பா?" என்று கேட்டாள். மறக்கிற வாசனையா அது? சென்னையில் வேலை பார்ப்பவள். பழைய கேமரா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு பிலிமில் படம் எடுக்கிறாள். அவள் கையில் இருந்தது புதிதாக வந்திருக்கும் கலர் பிலிம். அது நிஜமாகவே புதுசா, இல்லை ஏற்கெனவே இருக்கிற பிலிமுக்கு வேறு பெயர் போட்டு விற்கிறார்களா என்று அவள் கூட்டாளிகளுக்குள் பெரிய சண்டையாம்.

"நீங்க லேப்ல இருந்தவங்கதானே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கழுவின நெகட்டிவோட ஓரத்தைப் பாரு. கோடு ஒண்ணா இருந்தா பிலிமும் ஒண்ணுதான்" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் உறைத்தது. நண்பா, அன்றைக்கு உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

பாளையம்பட்டியில் நீ ஸ்டுடியோ திறந்தபோது நம் இருவருக்கும் இருபத்து மூன்று வயது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் மதுரையில் கலர் லேபில் பிரிண்ட் போடும் வேலையில் சேர்ந்திருந்தேன். நீ எடுப்பாய், நான் பிரிண்ட் போடுவேன். பிரிண்ட் வந்ததும் கடைக்குள் வைத்துப் பார்க்க மாட்டாய். தெருவில் இறங்கி, மத்தியான வெயிலில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாய். "டியூப் லைட்டு பொய் சொல்லும்லே" என்பாய். கருத்த முகம் கருப்பாகவே, ஆனால் உயிரோடு இருக்க வேண்டும் உனக்கு. ஒரு முறை மல்லாங்கிணற்றில் எடுத்த காதுகுத்துப் படங்கள் முழுவதையும் என்னிடமே திருப்பி அனுப்பிவிட்டாய். பாட்டியின் முகத்தை நான் வெளுக்கவைத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம்.

மலிவான பிலிம் ஒன்று அப்போது ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர்ப் பக்கத்து வெக்கை அதற்கு ஆகவில்லை. பங்குனி, சித்திரையில் எடுத்தால் முகங்களில் பச்சை ஏறும், சிவப்புச் சேலை செங்கல் நிறமாகிவிடும். முகத்தைத் திருத்தினால் சேலை கெடும், சேலையைத் திருத்தினால் முகம் கெடும். நீதான் முதலில் அதை வேண்டாம் என்றாய். உன்னைப் பார்த்து காரியாபட்டி வரை பல ஸ்டுடியோக்காரர்கள் அதை வாங்குவதை நிறுத்தினார்கள்.

எங்கள் லேப் முதலாளிதான் அந்தப் பிலிமுக்கு இந்தப் பக்கத்து ஏஜெண்ட். தொண்ணூறுகள் தொடங்கிய சமயம், நீலப் பெட்டியில் புதுப் பெயரோடு ஒரு பிலிமை இறக்கினார். வெக்கையைத் தாங்குகிற புதுத் தயாரிப்பு என்று சொன்னார். அது பழைய பிலிம்தான் என்று முதல் ரோல் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரிண்ட் போடும் மிஷினில் ஒவ்வொரு பிலிமுக்கும் ஒரு செட்டிங் உண்டு. புதுப் பிலிம் என்றால் புதிதாகச் செட்டிங் போட அரை நாள் ஆகும். இதற்கு முதலாளி, "பழசுலயே ஓட்டிப் பாரு" என்றார். ஓட்டினேன். அச்சு அசலாக உட்கார்ந்தது. அந்த வாரமே உனக்கு ஒரு கார்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நீ கேட்பதற்குள் திருச்சுழிப் பக்கத்துக் கல்யாணம் முடிந்துவிட்டது. பெண்ணின் அப்பா சீக்காளி. அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சித்திரையில் அவசரமாக வைத்த கல்யாணம். "அப்பாவை நல்லா எடுங்கண்ணே" என்று அந்தப் பெண் மணமேடையிலிருந்தே உன்னிடம் சொன்னதாம். நீ நீலப் பெட்டியை நம்பி எடுத்தாய். கல்யாணம் முடிந்து பத்தே நாளில் அவர் போய்விட்டார். ஆல்பத்தில் அவர் முகம் பச்சை பாரித்துக் கிடந்தது. மூன்று தடவை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆல்பத்தை உன் கடைக் கண்ணாடி மேஜையில் போட்டுவிட்டு அந்தப் பெண் கேட்டதை நீதான் எனக்குச் சொன்னாய். "உசுரோட இருந்த மனுசரப் பொணமா எடுத்து வச்சிருக்கீகளே."

மறுநாளே லேபுக்கு வந்தாய். பழைய நெகட்டிவ் ஒன்று, புதுசு ஒன்று, இரண்டையும் லைட் பெட்டியின் மேல் அருகருகே வைத்தாய். புதுசின் ஓரத்தில் பெயர் இல்லை. ஆனால் மிஷின் படிப்பதற்காக ஓரத்தில் போட்டிருக்கும் சின்னக் கோடுகள் இரண்டிலும் ஒன்றாக இருந்தன.

"ஏலே, நல்லாப் பாரு. ரெண்டும் ஒண்ணுதான?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி நின்றிருந்தார். "பாத்துச் சொல்றேன்டா" என்றேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு மண்டபத்து மாடியில் ஸ்டுடியோக்காரர்களைக் கூட்டினாய். முதலாளி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வருகிற வழியில், அருப்புக்கோட்டையில் லேப் கிளை திறக்கப் போவதாகவும், அதற்கு நான்தான் பொறுப்பு என்றும் சொன்னார். பிலிமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாலவனத்தத்தில் என் வீடு, பக்கத்தில் உன் கடை, தினமும் உன்னைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நான் நினைத்தது அதைத்தான். நீ நம்பத் தேவையில்லை.

நீ எழுந்து நெகட்டிவ்களைக் காட்டிப் பேசினாய். "பெட்டியத்தான் மாத்திருக்காக. உள்ள இருக்கிறது அதே பிலிம்தான்" என்றாய். முதலாளி சிரித்துக்கொண்டே, "கோடு கெடக்குது. தெனம் அதுல வேலை பாக்குறவனைக் கேப்போமே" என்றார். நாற்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். உன் முகத்தில் பயமே இல்லை. ஜெயித்துவிட்டவன் மாதிரி பார்த்தாய்.

"வேற பிலிம்தாங்க. செட்டிங்கே வேற" என்றேன்.

பின்னால் யாரோ, "எடுக்கத் தெரியாம பிலிமக் குத்தஞ் சொல்றான்" என்றான். நீ சண்டை போடவில்லை. நெகட்டிவ்களை உறைக்குள் போட்டாய். "அவனே சொல்லிட்டான்ல, சரி" என்று உட்கார்ந்துவிட்டாய்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு மாதம் கழித்து மதுரைக்கு வந்தவன், லேப் வாசலில் என்னைக் கூப்பிட்டு, "கண்ணச் சோதிச்சுட்டு வாரேன்லே. நல்லாத்தான் இருக்குங்கறாக" என்றாய். உன் கண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறாய். அப்போதும் நான், "அப்பறமென்ன, விடு" என்றேன்.

கல்யாணங்கள் உன்னிடம் வருவது நின்றது. கொஞ்ச நாள் பாஸ்போர்ட் படம் மட்டும் எடுத்தாய். பிறகு கடையை மூடிவிட்டு மில்லுக்கு வேலைக்குப் போனாய். அந்தப் பிலிம் அடுத்த வருஷமே பச்சைப் பெட்டியில் மூன்றாவது பெயரோடு வந்தது. அதையும் அதே செட்டிங்கில்தான் ஓட்டினேன். அருப்புக்கோட்டைக் கிளையும் திறந்தது. ஆறு வருஷம் அங்கே பொறுப்பில் இருந்தேன். உன் வீடு சைக்கிள் மிதித்தால் பத்து நிமிஷம். ஒரு நாளும் வரவில்லை. நெஞ்சு வலி வந்து மில்லிலேயே நீ விழுந்த செய்திதான் என்னை உன் வாசலுக்குக் கொண்டுவந்தது.

காரியம் முடிந்த மறு வாரம், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று உன் மனைவியைப் பார்க்கப் போனேன். நான் தொடங்குவதற்குள் உன் மனைவியே பேசினார். "ஒங்களப் பத்திப் பேசாத நாளில்லண்ணே. 'அவன் பொய் சொல்ல மாட்டான், நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்'னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக."

அதன் பிறகும் சொன்னேன். மிஷின், செட்டிங், கார், மண்டபம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். அழவில்லை.

"அவுக இருக்கையில சொல்லிருந்தா ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கிருப்பாக" என்றார். "இத இப்பக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்தா நான் என்னண்ணே செய்ய?"

எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. நானும் எழுந்து வந்துவிட்டேன். உன் மனைவி அதை வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ள உனக்கு வழியில்லை. யாரிடமும் இறக்கிவைக்க முடியாமல், இத்தனை வருஷமாக நானே வைத்திருக்கிறேன்.