கண்டக்டர் இல்லாத பஸ்

அன்புள்ள அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஷாசியாவின் ஸலாம். அத்தா, முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். போனில் சொன்னால் அம்மா பயந்துவிடும் என்று எழுதுகிறேன்.

சைப்ரஸில் லார்னகா விமான நிலையத்திலிருந்து இந்தக் கடற்கரை ஊருக்கு பஸ்ஸில் வந்தேன். ஐந்து மணிக்குள் ஓட்டலில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை வேறு பெண்ணுக்குப் போய்விடும். "கண்டக்டர்கிட்ட எடத்த சொல்லிடும்மா, அவுரு எறக்கிவிட்டுடுவாரு" என்றீர்களே, இங்கே கண்டக்டரே இல்லை. டிரைவரிடம் டிக்கெட் வாங்கும்போது ஓட்டல் பெயரைச் சொன்னேன், தலையாட்டினார். கூப்பிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். ஓட்டலே ஜன்னலைத் தாண்டிப் போனது. இறங்குகிறவர்கள்தான் கம்பியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்? "அண்ணே, எறங்கணும்! நிறுத்துங்கண்ணே!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். காலேஜில் மூன்று வருடம் வாயே திறக்காத நான்! பஸ் நின்றது. பெட்டியோடு திரும்பி ஓடி, ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன்.

இன்னும் எதற்கெல்லாம் பொத்தான் அழுத்த வேண்டுமோ, ஒன்றும் புரியவில்லை. தினமும் மதியம் லுஹர் தொழுததும் அம்மாவை ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள். வேலையில் எடுக்க முடியாது, மணி அடித்தால் போதும், நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிந்துவிடும்.

மேனேஜர் கூப்பிடுகிறார். எனக்காக துஆ செய்யுங்கள்.

ஷாசியா